எதுல போடப் போறீங்க, சார்?

எங்கள் வீட்டு மாடியில் சில வருடங்கள் தினமும் கல்யாணம் நடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் கண்ணயரும் நேரமாகப் பார்த்துத்தான் தாலி கட்டுவார்கள். கெட்டிமேளம் எழும்பும், பாதியில் நிற்கும், மறுபடி முதலிலிருந்து எழும்பும். அரைத் தூக்கத்தில் எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரே மாப்பிள்ளை ஒரே பெண்ணுக்கு ஒன்பது முறை தாலி கட்டிய நாளும் உண்டு. விழித்து உட்கார்ந்தால் மேளம் இருக்காது. ஜன்னலில் மழைக்கு முந்தைய வெளிச்சம் மட்டும் நிற்கும். பெங்களூர் ஜோகுபாளையத்துச் சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருப்பார்கள். தலைக்கு மேலே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்.

மாடியில் குடியிருந்த பெண்மணி கல்யாண வீடியோக்களைச் சீர்செய்து கொடுப்பவர். படம் பிடிப்பவர்கள் மணிக்கணக்காகப் பிடித்துவந்து போட்டுவிட்டுப் போவார்கள். இவர் அதில் கொட்டாவிகளையும் வெற்று நாற்காலிகளையும் நீக்கி, பார்க்கும்படி ஆக்கி, பென்டிரைவில் போட்டுத் தருவார். கேட்டால் பாட்டும் ஏற்றித் தருவார். நாற்பதைத் தாண்டிய வயது. தனியாக இருந்தார். கோலார் தங்கவயலில் பிறந்தவர் என்று வாடகைக்கு வந்த அன்று சொன்னார். அதற்கு மேல் தன்னைப் பற்றி எதுவும் சொன்னதாக நினைவில்லை. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்க இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

நான் மாநில அரசின் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணுவது முதலில் தொழிலாக இருந்தது, பிறகு நோயாகிவிட்டது. கேட்டைப் பூட்டினேனா, காஸை மூடினேனா, கம்பியில் காய்ந்த துணி எல்லாம் உள்ளே வந்ததா என்று சரிபார்ப்பதிலேயே என் சாயங்காலங்கள் கழியும். மாடிக்குப் போகிறவர்களையும் எண்ணுவேன். அவர்கள் எல்லோரிடமும் அந்தப் பெண்மணி முதலில் கேட்கும் கேள்வி, படிக்கட்டு வழியாக எனக்கும் கேட்கும்.

"எதுல போடப் போறீங்க?"

ஒருமுறை ஈஜிபுராவிலிருந்து ஓர் ஆட்டோக்காரர் வந்திருந்தார். பழைய பாட்டுகள் வேண்டும் என்றார். எதில் போடப் போகிறீர்கள் என்று இவர் கேட்டார். ஆட்டோவில் என்றார் அவர். ஆட்டோவில் எந்தப் பாட்டுப் பெட்டி, அதில் எழுத்து தெரியுமா, எண் மட்டும் தெரியுமா என்று இவர் தொடர்ந்தார்.

"அக்கா, நான் பாட்டு கேக்க வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா?"

"பாட்டு கேக்கத்தான் வந்தீங்க. உங்க பெட்டி வெறும் நம்பர்தான் காட்டும்னா, நான் நூறு பாட்டு போட்டுக் குடுத்து என்ன பிரயோஜனம்? எழுபத்தி மூணாவது பாட்டு வேணும்னா சிக்னல்ல நின்னு எழுபத்தி மூணு தடவ அமுக்குவீங்களா? பின்னாடி இருக்கறவன் சும்மா இருப்பானா?"

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். பிறகு தன் ஆட்டோவில் இருக்கும் பெட்டியை ஸ்டாண்டோடு கழற்றிக்கொண்டே வந்து காட்டினார்.

எல்லோரும் சிரிக்கமாட்டார்கள். பெரிய காரில் வந்த ஒருவர், எதில் போட்டால் உனக்கென்ன, கேட்டதைப் போட்டுக் கொடு என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். இவர் குரலை உயர்த்தவில்லை. அவருடைய கன்னடத்திலேயே, அவருடைய ஊர்ப்பக்கத்து இழுவையோடு, "ஸ்வல்ப குந்தர்ரீ சார்" என்று நாற்காலியைக் காட்டினார். உட்காருங்கள் என்பதைத்தான் சொன்னார், ஆனால் அவர் வீட்டுப் பெண்ணே சொன்னதுபோல இருந்தது. மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கேள்வி பென்டிரைவோடு நிற்கவில்லை. என் மனைவி ஒருநாள் ஒரு கிண்ணம் பாயசம் அனுப்பினாள். அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் இவர் கீழே இறங்கிவந்து, "அம்மா, சாருக்குச் சக்கரை உண்டா, பல்லு எப்படி, ராத்திரி எத்தன மணிக்குச் சாப்புடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டு போனார். மறுநாள் வந்த கிண்ணத்தில் எனக்கென்று குழைய வேகவைத்த சுண்டல் இருந்தது. அவளுக்கென்று தனியாக ஒரு மூடியில் காரம் தூக்கலாகக் கொஞ்சம்.

பால்காரரிடம் அவர் பேசுவது தெலுங்கு கலந்த கன்னடம். கறிக்கடைப் பாயிடம் தக்கினி உருது. என் மனைவியிடம் எங்கள் வீட்டுத் தமிழ். என்னிடம் கொஞ்சம் ஆபீஸ் தமிழ். எதிராளி எப்படியோ அப்படி. முதலில் அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. போகப்போக என் மனைவிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"உனக்கு என்ன புடிக்கும்னு கேட்டேன். உங்க வீட்டுல என்ன செய்வீங்களோ அது புடிக்கும்கறா. அவளுக்குன்னு ஒரு ருசி கிடையாதா? பேசப் பேச கண்ணாடியப் பாத்துப் பேசற மாதிரி இருக்குங்க" என்றாள்.

எனக்கும் அது உறுத்தியது. மழை பிடித்த சாயங்காலங்களில் மாடி ஜன்னலிலிருந்து நீல வெளிச்சம் எதிர்வீட்டுச் சுவரில் விழும். முகம் தெரியாத மணமக்கள் அந்தச் சுவரில் ஊமையாக நடந்துபோவார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு பெண் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நிழல். இவரை எதில் போட்டால் இவர் ஓடுவார் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. பென்டிரைவை வெடுக்கென்று பிடுங்கமாட்டார். கம்ப்யூட்டரில் அதற்கான இடத்தை அமுக்கி, இனி எடுக்கலாம் என்று எழுத்து வரும்வரை காத்திருப்பார். அவசரப்படுகிறவர்களிடம், "ஒரு வீட்டுக்கு வந்துட்டு, போய்ட்டு வரேன்னு சொல்லாமலா கெளம்புவீங்க?" என்பார்.

என் மகனுக்கு முப்பத்தெட்டாவது வயதில் கல்யாணம் நடந்தது. இனி நடக்காது என்று நாங்கள் பேச்சையே விட்டிருந்தோம். விடாதவள் என் அக்கா ஒருத்திதான். அக்கா தங்கவயலில் இருக்கிறாள். அத்தான் சுரங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகும் மகன், மருமகளோடு அங்கேயே தங்கிவிட்டாள். எங்கள் அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். கல்யாணத்துக்குச் சற்று முன்னால் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையாகிவிட்டாள். அது போதாதென்று இரண்டு கண்களிலும் நரம்பு காய்ந்துகொண்டு வந்தது. இருக்கிற பார்வை மழைக்காலம் தாண்டினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கல்யாணம் சேலத்தில் நடந்தது. பெண் வீட்டார் ஏற்பாடு செய்த ஆட்களே வீடியோ எடுத்தார்கள். மகனும் மருமகளும் வெளிநாடு கிளம்புவதற்கு முன், முழுக் கல்யாணத்தையும் என் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அதை அக்கா பார்க்க வேண்டும். பார்வை இருக்கும்போதே பார்க்க வேண்டும். போனில் காட்டினால் அவளுக்கு முகங்கள் தெரியவில்லை, வெறும் வெளிச்சம்தான் அசைகிறது என்றாள். அவள் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு டிவி இருக்கிறது. அத்தான் கடைசியாக வாங்கி மாட்டியது. அதை மாற்ற அவள் விடமாட்டாள். அதில் போட்டால் தெரியும் என்றாள்.

இதற்குப் போய் மாடியில் தொந்தரவு செய்வானேன் என்று நானே பெரியதாக ஒரு பென்டிரைவ் வாங்கிவந்தேன். வீட்டுக்கு வந்த புதுப் பாத்திரத்தைக் கழுவாமல் அடுப்பில் ஏற்றுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இதையும் அப்படித்தான் நினைத்தேன். கடைக்காரர் கையிலும் யார் யார் கையிலுமோ இருந்தது, ஒருமுறை துடைத்துவிட்டுப் போடலாம் என்று ஃபார்மட் செய்யப்போனேன். எந்த விதத்தில் என்று கம்ப்யூட்டர் கேட்டது. இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே என்டிஎஃப்எஸ் என்று இருந்தது. மேலே இருப்பதைத்தானே எடுக்க வேண்டும்? எடுத்தேன். கல்யாணம் ஏறியது. என் மனைவி அதற்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, தாம்பூலப் பையில் போட்டுத் தந்தாள். கல்யாணச் செய்தி வெறுமனே போகக்கூடாது என்றாள்.

நான் தங்கவயல் போய்ச் சேர்ந்தபோது அக்காவைப் பட்டுப்புடவை சுற்றித் தலையணை வைத்துச் சாய்த்திருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மகன் பென்டிரைவை டிவியில் செருகினான். எதையும் காணோம் என்று டிவி எழுதிக் காட்டியது. எடுத்துச் செருகினோம். ஊதிச் செருகினோம். ஒவ்வொரு முறையும் அதே எழுத்து. நான் அந்த எழுத்தின் கீழே நின்றுகொண்டிருந்தேன். அக்கா என் பக்கமாகப் பார்த்தாள்.

"பரவால்ல தம்பி. நீ வாயால சொல்லு."

சொன்னேன். மண்டபத்தில் எத்தனை வரிசை நாற்காலி, பந்திக்கு எத்தனை இலை, எத்தனை தட்டு வரிசை. அக்கா கொஞ்ச நேரம் கேட்டாள்.

"கணக்கு சொல்லாதடா. மூஞ்சியச் சொல்லு."

முகத்தை எப்படிச் சொல்வது? பெண் சிவப்பா என்றாள். மாநிறம் என்றேன். சிரித்தாளா என்றாள். சிரித்தாள் என்றேன். எப்படிச் சிரித்தாள் என்று கேட்டபோது என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

திரும்பும் ரயில் முழுவதும் மஞ்சளைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தும் நிறுத்தவில்லை. என் மனைவி இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், தேங்காய் நார் வைத்துத் தேய்த்தாவது மஞ்சளை எடுக்கிறேன் என்று பென்டிரைவோடு கிணற்றடிக் குழாய்க்குப் போனாள். படிக்கட்டில் இறங்கிவந்த மாடிவீட்டுப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டார்.

"அம்மா, அம்மா, தண்ணி வேணாம். குடுங்க இப்படி." வாங்கி மேலே கொண்டுபோய்ச் செருகிப் பார்த்துவிட்டு வந்தார். "மஞ்சள் மேல தப்பில்ல. இது நல்லா ஓடுது. சார், இத எதுல போட்டீங்க?"

"டிவியில."

"எப்ப வாங்கின டிவி?"

சொன்னேன். அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். பெய்து ஓய்ந்த மழை கொய்யா இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டுகளுக்கு நடுவே அவர் சொன்னது இப்போதும் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"என்டிஎஃப்எஸ் ஒரு பெரிய ஆபீசர் சார். கம்ப்யூட்டர்ங்கற ஆபீஸ்ல அவர மிஞ்ச ஆள் கிடையாது. பூட்டு, சாவி, எவ்ளோ பெரிய மூட்டையானாலும் தூக்கறது, எல்லாம் உண்டு. ஆனா அத்தன பழைய டிவிக்கு அவரு யாருன்னே தெரியாது. வாசல்லயே நிக்க வெச்சிடும். எக்ஸ்ஃபேட்னு ஒருத்தர் இருக்காரு, புது மாப்பிள்ள மாதிரி. அவரும் பெரிய மூட்டை தூக்குவாரு, ஆப்பிள் கம்ப்யூட்டரு, புது டிவின்னு போற எடத்துல எல்லாம் மரியாத உண்டு. ஆனா பழைய வீட்டுல கதவு தெறக்காது. மூணாவது, ஃபேட் தர்ட்டிடூ. வயசானவரு. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு வாய் சாப்பாடு போடுவாங்க. உங்க அக்கா டிவிக்கு அவருதான் சரி."

"அவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையே?"

"பெரிய பென்டிரைவுக்கு அவரு பேர கம்ப்யூட்டர் காட்டாது சார். சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம், அதுல காட்டும். வேற ஒரு கஷ்டம் இருக்கு. அவரால ஒரே மூட்டையா நாலு ஜிபிக்கு மேல தூக்க முடியாது. சின்னச் சின்ன மூட்டையா எத்தன வேணும்னாலும் தூக்குவாரு. உங்க கல்யாணம் ஒரே ஃபைலு, ஏழு ஜிபி. ரெண்டா வெட்டணும்."

கிணற்றடியிலிருந்து என் மனைவி வந்துவிட்டாள். "கல்யாணத்த வெட்டறதா? அந்த வார்த்தையச் சொல்லாதம்மா."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வெட்டலம்மா. பந்தி மாதிரி வெச்சுக்கலாம். ஒரே பந்தியில ஊர் பூரா உக்காருமா? மொத பந்தி, ரெண்டாம் பந்தி. அவ்ளோதான்."

என் மனைவிக்கு அது சரியாகப்பட்டது.

அதன் பிறகுதான் கேள்விகள் ஆரம்பித்தன. கட்டிலிலிருந்து டிவி எவ்வளவு தூரம்? அக்காவுக்கு எந்தக் கண் கொஞ்சம் தேவலை? ரிமோட் யார் கையில் இருக்கும்? சாய்ந்து உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் விழித்திருப்பார்கள்? முக்கால் மணிக்கு மேல் தாங்கமாட்டாள், அப்படியே உறங்கிவிடுவாள் என்றேன்.

"அப்பத் தாலி முக்கா மணிக்குள்ள வந்துடணும். வாசல்ல பன்னீர் தெளிக்கறதயே பெண்வீட்டு ஆளு பத்து நிமிஷம் புடிச்சிருக்காரு. அக்கா தூங்கறதுக்குள்ள நம்ம பையன் தாலி கட்டிடணும், சார்."

அந்த வாரம் மாடியில் நடந்தது என் மகனின் கல்யாணம். மத்தியான உறக்கத்தின் விளிம்பில் நாதஸ்வரம் தொடங்கி நிற்கும். என் மனைவி யாரையோ சாப்பிடக் கூப்பிடும் குரல் மேலிருந்து வரும். பக்கத்தில் அவள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள். சில சமயம் மேளமே இல்லாமல் குரல்கள் மட்டும் இறங்கிவரும். என் சின்னம்மா மகன் சிரிப்பது, யாரோ செருப்பைத் தேடுவது, மருமகள் என்னை முதன்முதலாக "மாமா" என்றது. கூரைக்கு மேலே எங்கள் சனங்கள் எல்லோரும் குடியேறிவிட்டதுபோல இருந்தது. ஏன் அந்தக் குரல்களையே திரும்பத் திரும்பப் போடுகிறார் என்று நான் கேட்கவில்லை.

பென்டிரைவைக் கொடுக்கும் அன்று, "நானும் வரேன் சார். டிவிய நேர்ல பாக்காம மனசு ஒப்பல. எங்க ஊருதான, போயும் நாளாச்சு" என்றார். என் மனைவி இந்தமுறை குங்குமத்தை மூடியின் மேல் வைத்தாள்.

தங்கவயல் போகும் மாரிக்குப்பம் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பங்காருபேட்டை தாண்டியதும் சுரங்கக் கழிவு மண்மேடுகள் தெரிய ஆரம்பித்தன. வெளுத்து, தட்டையாக, யாரோ பாதியில் விட்டுப்போன மலைகள் போல. அவற்றை எண்ணத் தொடங்கினேன். வண்டி வளைந்ததும், எண்ணியதே மறுபடி வந்ததா, புதியதா என்று குழம்பி விட்டுவிட்டேன்.

அக்கா வீட்டு வாசலில் நாங்கள் செருப்பைக் கழற்றும்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பருத்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஏய், நம்ம சுரங்க லைன் வூட்டுப் பொண்ணுதானே நீ? கடைசி வூடு?"

"ஆமாக்கா, நான்தான். இன்னா, இன்னும் உசுரோடதான் கீறியா நீ?"

"உன்னப் பாத்துட்டு சாவலாம்னு கீறேன். பெங்களூருக்குப் போய் இன்னாடி இப்டி இளச்சுப் பூட்ட, துன்றியா இல்லியா?"

"நீ ஊத்தினாதான துன்றதுக்கு. கருவாட்டுக் கொழம்பு வாசன தெருமுனையிலயே வந்துச்சு. எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெய்யி. தலப் பீசு வேணும், சொல்ட்டேன்."

நான் ஒரு செருப்பைக் கழற்றியபடி நின்றுவிட்டேன். இத்தனை வருடங்களில் இது எனக்கு வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. குரலே வேறாக இருந்தது. அகலமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக, சிரிப்பு அடியில் கிடந்து உருள்வதுபோல. என் பக்கம் திரும்பி, "வாங்க சார், உள்ள போலாம்" என்றபோது பழைய குரல் வந்துவிட்டது.

அக்கா அதே பட்டுப்புடவையில் இருந்தாள். இந்தமுறை பக்கத்து வீட்டுக்காரர்களை அழைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அது எனக்காகத்தான். அவர் கட்டிலின் ஓரத்தில், அக்காவின் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை வைத்து டிவியைப் பார்த்தார். ஜன்னல் திரையை இழுத்தார். டிவியின் வெளிச்சத்தைக் கூட்டினார். பிறகு பென்டிரைவைச் செருகினார்.

திரையில் பெயர்கள் வந்தன. மொத பந்தி. ரெண்டாம் பந்தி. கடைசிப் பந்தி.

நான் இரண்டு முறை எண்ணினேன். மூன்று இருந்தன.

"இரண்டுதானே சொன்னீங்க?"

"மூணாவது இப்போதைக்கு இல்ல சார்" என்றார். அக்கா மருமகளை மட்டும் வாசல் பக்கம் கூப்பிட்டு ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

கல்யாணம் ஓடியது. அறை முழுவதும் மஞ்சளும் சிவப்புமாக வெளிச்சம் அலைந்தது. அக்கா கழுத்தை முன்னால் நீட்டினாள்.

"அது யாரு, நீயா? வேட்டிய ஏன்டா இப்படிக் கட்டியிருக்க, கொடிக்கம்பத்துல சுத்தின மாதிரி?" என்றாள். அப்புறம், "பொண்ணு வராளா? இருங்க, இருங்க. பேசாதீங்க" என்றாள். என் மருமகளின் முகம் திரை நிறைய வந்து, தேவைக்கு அதிகமான நேரம் நின்றது. அவர் அதை அங்கே நிறுத்திவைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பெண் கீழே பார்த்து, ஓரப்பார்வையால் யாரையோ பார்த்து, உதட்டைக் கடித்துச் சிரித்தாள்.

"இதச் சொல்லத் தெரியலியேடா உனக்கு" என்றாள் அக்கா.

அக்கா மருமகள் ஒரு தட்டில் மஞ்சள் அரிசி கொண்டுவந்து அக்காவின் கையில் கொஞ்சம் வைத்தாள். கெட்டிமேளம் எழும்பியது. கல்யாணத்தன்றைக்குப் பிறகு அந்த ஒரு முறைதான், நிற்காமல், பாதியில் வெட்டுப்படாமல் அந்தக் கெட்டிமேளத்தை நான் முழுசாகக் கேட்டேன். அக்கா கையை உயர்த்தி வீசினாள். அரிசி டிவிக் கண்ணாடியில் பட்டு, மழை தொடங்குவதுபோலச் சத்தமிட்டு உதிர்ந்தது. திரைக்குள்ளும் அரிசி பறந்தது. அரிசியின் பின்னால் கேமரா மேலே போய், மண்டபத்து மின்விசிறி சுழல்வதில் நின்றது. அதோடு முதல் பந்தி முடிந்தது.

திரும்பிப் பார்த்தேன். அக்கா உறங்கியிருந்தாள். உள்ளங்கையில் நாலைந்து அரிசி ஒட்டியிருந்தது. எத்தனை என்று எண்ணத் தோன்றவில்லை.

சாயங்காலம் ரெண்டாம் பந்தியையும் பார்த்தாள். அவர் அதற்குள் பக்கத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். கிளம்பும்போது பென்டிரைவை எடுக்க நான் போனேன்.

"வேணாம் சார். அது அங்கயே இருக்கட்டும்."

ரயிலில் மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். தவறாக ஏறியதா, இடத்தை அடைக்கிறதா என்று எனக்குக் கவலை. "எல்லாரும் சாப்புட்டு எழுந்தப்புறம் வீட்டு சனங்க உக்காருவாங்கல்ல, அந்த பந்தி சார் அது. அவசரமில்ல" என்றார். வெளியே மண்மேடுகள் இருட்டில் கரைந்துகொண்டிருந்தன.

அடுத்த தை மாதம் அவர் வீட்டைக் காலி செய்தார். ஓசூர் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது என்றார். சாவியைத் தந்துவிட்டு, என் மனைவியிடமும் என்னிடமும் தனித்தனியாக, "போய்ட்டு வரேன்" என்று சொல்லி, நாங்கள் பதில் சொல்லும்வரை நின்றார். பிறகு சில தடவை போனில் பேசினோம். பிறகு அந்த எண் வேறு யாருக்கோ போய்விட்டது. மாடியில் இப்போது இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். சத்தமே போடுவதில்லை. மத்தியானத்தில் எனக்கு உறக்கம் வருவதில்லை.

டாக்டர் சொன்னதற்கு மேல் ஒரு மழைக்காலம் அக்காவின் பார்வை நின்றது. பிறகு வெளிச்சமும் போய்விட்டது. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். அக்கா மருமகள் காபி கொடுத்துவிட்டு டிவியைப் போட்டாள். திரை கறுப்பாக இருந்தது. கெட்டுவிட்டதோ என்று எழுந்தேன்.

"உக்காரு தம்பி. என்னோட பந்தி ஓடுது" என்றாள் அக்கா.

கறுப்புத் திரையிலிருந்து குரல்கள் வந்தன. மேளம் இல்லை, மந்திரம் இல்லை. மாடியிலிருந்து எனக்கு இறங்கிவந்த அதே குரல்கள். சின்னம்மா மகன் சிரிக்கிறான். யாரோ செருப்பைத் தேடுகிறார்கள். என் மனைவி சாப்பிடக் கூப்பிடுகிறாள். என் மகன் தன் பெண்டாட்டியிடம், "அத்தை வந்திருந்தா இந்நேரம் உன்னக் கேள்வி கேட்டே கொன்னிருப்பாங்க" என்கிறான். அவள் சிரிக்கிறாள். ஒவ்வொரு குரலுக்கும் அக்கா தலையைத் திருப்பினாள், ஆள் அந்தப் பக்கம் நிற்பதுபோல. நான் சொல்லாமல் விட்ட முகங்கள் எல்லாம் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தன.

அக்காவின் பார்வை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். போன பிறகு அவள் எதில் கேட்பாள் என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, பாத்திரங்கள் ஒதுக்கும் சத்தம் மட்டும் மிஞ்சி, அதுவும் ஓய்ந்தது. முடிந்தது என்று ரிமோட்டை எடுத்தேன். அக்கா கையை நீட்டித் தடுத்தாள். கொஞ்சம் அமைதி. அதற்குப் பிறகு ஒரு குரல். எங்கள் கல்யாணத்தில் இல்லாத குரல். அகலமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக, அடியில் சிரிப்பு உருள.

"அவ்ளோதான்க்கா. நான் போய்ட்டு வரேன்."

"போய்ட்டு வாம்மா" என்றாள் அக்கா.